குதிப்புத் தளத்தில் நட்பு: ஸ்கைடைவிங் உலகுக்குப் புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

விமானத்திலிருந்து எப்படி வெளியேறுவது, எந்த உயரத்தில் பாராசூட்டைத் திறப்பது, முதன்மைப் பாராசூட் சரியாக விரியாவிட்டால் எந்தக் கைப்பிடியை முதலில் இழுப்பது என்பவற்றை எல்லாம் ஸ்கைடைவிங் பயிற்றுநர்கள் மணிக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். அந்தத் தளத்தில் யாரோடு பழகுவது, யாருடைய பேச்சைக் கேட்பது, யார் அழைத்தாலும் எப்போது மறுப்பது என்பதற்கு மட்டும் பாடத்திட்டம் கிடையாது. ஒருவர் இந்த விளையாட்டில் நிலைப்பதும், பல ஆண்டுகள் காயமின்றிக் குதிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை அறிவைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தக் கட்டுரை குதிக்கும் கலையைக் கற்பிக்க முற்படவில்லை. குதிப்பவர்களின் நடுவே ஒரு புதியவர் எப்படி வாழத் தொடங்கலாம் என்பதை மட்டும் படிப்படியாகச் சொல்கிறது. அமெரிக்காவின் தளங்களையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டு அங்கே பல தலைமுறைகளாக வேரூன்றியிருக்கிறது. அதன் விதிகளையும் பழக்கங்களையும் யு.எஸ்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கப் பாராசூட் சங்கம் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பதால் புதியவருக்கு விளக்கிச் சொல்வதும் எளிதாகிறது.

முதலில், தளத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ட்ராப்ஸோன் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் குதிப்புத் தளங்கள் இரண்டு வகைப்படும் என்று பொதுவாகச் சொல்லலாம். விமானியோடு நான்கு பேரை மட்டும் ஏற்றிச் செல்லும் செஸ்னா 182 விமானத்தை வைத்துக்கொண்டு வார இறுதிகளில் மட்டும் இயங்கும் சிறிய தளம் ஒரு வகை. இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு 13,000 அடி உயரத்துக்குச் செல்லும் ட்வின் ஆட்டர் போன்ற விமானங்களை நாள் முழுவதும் பறக்கவிடும் பெரிய தளம் மற்றொரு வகை. கலிஃபோர்னியாவின் பெரிஸ், அரிசோனாவின் ஈலாய், ஃபுளோரிடாவின் டிலேண்ட், இலினாயின் ஒட்டாவா ஆகியவை பெரிய தளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர்கள்.

சிறிய தளத்தில் மாலைக்குள் எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும். தளத்தின் உரிமையாளரே உங்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுப்பார். ஆனால் நீங்கள் கற்க விரும்பும் வகையைக் கற்றுத்தர ஆள் இல்லாமல் போகலாம். பெரிய தளத்தில் பயிற்றுநர்கள் பலர் இருப்பார்கள், ஒரே நாளில் பலமுறை குதிக்கலாம், ஆனால் முதல் சில வாரங்களில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற எண்ணம் தோன்றக்கூடும். தனித்து ஒதுங்கும் இயல்புடையவர்கள் சிறிய தளத்தில் தொடங்குவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த வகையானாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை முழுவதையும் அங்கே கழித்துப் பாருங்கள். குதித்து வந்த மாணவரோடு பயிற்றுநர் உட்கார்ந்து நடந்ததைப் பொறுமையாகப் பேசுகிறாரா, அடுத்த விமானத்துக்கு அவசரமாக ஓடிவிடுகிறாரா என்று கவனியுங்கள். யாராவது தவறான திசையில் தரையிறங்கினால் என்ன நடக்கிறது என்பதை அதைவிடக் கூர்ந்து கவனியுங்கள். மூத்தவர் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, குரலை உயர்த்தாமல், தவறைச் சுட்டிக்காட்டிப் பேசினால் அந்தத் தளம் நம்பத் தகுந்தது. எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோனாலும், நடுக்களத்தில் நிற்கவைத்துத் திட்டினாலும், வேறு தளத்தைத் தேடுவதே நல்லது.

மேனிஃபெஸ்ட்டில் உங்கள் நோக்கத்தைச் சொல்லுங்கள்

விமானத்தில் யார் ஏறுவது என்று பட்டியல் போடும் மேசைக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். பயிற்றுநரின் உடலோடு பிணைக்கப்பட்டுக் குதிக்கும் டேண்டம் முறை 1980களில் வந்ததிலிருந்து, வாழ்நாளில் ஒருமுறை மட்டும் குதிக்க வரும் விருந்தினர்களே பல தளங்களின் வருமானத்துக்கு ஆதாரமாக இருக்கிறார்கள். அப்படி வருபவர்கள் மறுநாள் வருவதில்லை என்பதால், அங்கேயே வார இறுதிகளைக் கழிப்பவர்கள் அவர்களோடு அன்பாகப் பேசினாலும் பெயரை நினைவில் வைப்பதில்லை. இதைப் புறக்கணிப்பு என்று எண்ண வேண்டாம். “நான் உரிமம் பெறும்வரை கற்க வந்திருக்கிறேன்” என்று மேனிஃபெஸ்ட் மேசையில் இருப்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால், உங்களிடம் பேசும் முறையே மாறிவிடுவதைக் காண்பீர்கள்.

பெரும்பாலான தளங்களில் ஏ.எஃப்.எஃப். என்னும் முறையில் பயிற்சி நடைபெறுகிறது. ஒரு நாள் தரைவகுப்புக்குப் பிறகு, இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் பிடித்துக்கொள்ள, நீங்கள் உங்கள் முதுகில் மாட்டிய தனிப் பாராசூட்டோடு குதிக்கிறீர்கள். படிப்படியாக ஒரு பயிற்றுநர், பிறகு கோச் எனப்படும் துணைப் பயிற்றுநர் என்று துணை குறைந்துகொண்டே வரும். குறைந்தது 25 குதிப்புகளும், தேர்ச்சிப் பட்டியலில் உள்ள அனைத்துப் பயிற்சிகளும் முடிந்து, தேர்விலும் வென்றால் ஏ உரிமம் கிடைக்கும். பி உரிமத்துக்கு 50, சி உரிமத்துக்கு 200, டி உரிமத்துக்கு 500 குதிப்புகள் தேவை. ஏ உரிமம் பெற்ற நாளில் உங்கள் நெற்றியில் மையிட்ட முத்திரையைக் குத்தி எல்லோரும் கைதட்டும் வழக்கம் பல தளங்களில் உண்டு.

குதித்து முடித்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்

ஒரு குதிப்பில் தடையற்று விழும் நேரம் ஏறக்குறைய 60 வினாடிகள். விரிந்த பாராசூட்டின் கீழே மிதக்கும் நேரம் ஐந்து நிமிடங்கள் அல்லது சற்றுக் கூடுதல். மாணவராக இருக்கும்போது ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று முறைதான் குதிக்க முடியும். அப்படியானால், தளத்தில் கழியும் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி தரையில்தான் கழிகிறது. நட்பும் அந்தத் தரையில்தான் உருவாகிறது.

அதற்கு மிகச் சிறந்த இடம் பாராசூட் மடிக்கும் கூடம். நீண்ட கம்பள விரிப்பின் மேல் பத்துப் பதினைந்து பேர் முழங்காலிட்டு நைலான் துணியோடு மல்லாடிக்கொண்டிருப்பார்கள். கூலிக்கு மடித்துத்தரும் பேக்கர்கள் இருந்தாலும், மடிக்கக் கற்பது ஏ உரிமத்துக்கான தேர்ச்சிகளில் ஒன்று என்பதால் நீங்களும் அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தவர்கள் பத்து நிமிடங்களில் முடிப்பதைப் புதியவர் வியர்த்து விறுவிறுத்து ஒரு மணி நேரம் செய்வார். மடித்த துணி பைக்குள் போக மறுத்து வழுக்கி வெளியே வரும்போது பக்கத்தில் இருப்பவர் தன் வேலையை விட்டுவிட்டு உங்கள் பையின் வாயைப் பிடித்துக்கொள்வார். இந்த உதவியை வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்டு வாங்கிய பிறகு அவருடைய பெயரையும் கேளுங்கள். முதன்மைப் பாராசூட்டை யார் மடிப்பது என்பதில் இவ்வளவு நெகிழ்வு இருந்தாலும், முதன்மை பழுதானால் திறக்கும் ரிசர்வ் பாராசூட்டை அரசு விமானப் போக்குவரத்து அமைப்பின் சான்று பெற்ற ரிக்கர் என்னும் பாராசூட் வல்லுநர் மட்டுமே மடிக்க வேண்டும் என்பதும், 180 நாள்களுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும் என்பதும் சட்டம். தளத்தின் ரிக்கரோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது உங்களுக்குப் பெரிய சொத்து. கருவிகளைப் பற்றி அவரைப் போல ஒளிவுமறைவின்றிப் பேசுபவர்கள் குறைவு.

இங்கே சில ஒழுங்குகளைச் சொல்ல வேண்டும். பிறருடைய ரிக்கை, அதாவது முதுகில் மாட்டும் பாராசூட் தொகுதியை, அவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. தரையில் விரித்திருக்கும் துணியையோ கயிறுகளையோ மிதிக்கவோ தாண்டவோ கூடாது. சுற்றிப் போக வேண்டும். இயந்திரம் ஓடும் விமானத்தை எப்போதும் பின்புறமாகவே அணுக வேண்டும்.

ஒருவரையொருவர் சோதிக்கும் பழக்கம்

இந்தச் சமூகத்தின் உறவுமுறையைப் புரிந்துகொள்ள விமானத்தில் ஏறுவதற்கு முன் நடக்கும் சோதனையைப் பார்த்தாலே போதும். ரிக்கை மாட்டுவதற்கு முன், மாட்டிய பின், விமானத்திலிருந்து வெளியேறுவதற்கு முன் என்று மூன்று வேளைகளில் சோதிக்க வேண்டும் என்று கற்பிப்பார்கள். சோதிக்கும் இடங்களும் மும்மூன்றாகவே நினைவில் வைக்கப்படுகின்றன. தோளருகே முதன்மைப் பாராசூட்டைப் பிடித்திருக்கும் மூன்று வளையங்கள், நெஞ்சிலும் இரு தொடைகளிலுமாக மூன்று பட்டைகள், இழுக்க வேண்டிய மூன்று கைப்பிடிகள் என்று அவற்றை வரிசையாகப் பார்ப்பார்கள். முன்புறத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாராசூட் பைகளை மூடிவைத்திருக்கும் ஊசிகள் முதுகில் இருப்பதால் அவற்றை உங்களால் பார்க்க முடியாது. அதற்கு மற்றொரு மனிதரின் கண்கள் வேண்டும்.

“என் முதுகைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?” என்று எந்தத் தளத்திலும் எவரிடமும் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் குதித்தவரும் நேற்று உரிமம் பெற்றவரிடம் கேட்பார். கேட்கப்பட்டவர் மறுக்கமாட்டார், விளையாட்டாகவும் பார்க்கமாட்டார். மூடியைத் தூக்கி, ஊசி முழுதும் நுழைந்திருக்கிறதா, கண்ணி தேய்ந்திருக்கிறதா, குதிப்பவர் திறக்கத் தவறினால் ரிசர்வைத் தானே திறக்கும் தானியங்கித் திறப்புக் கருவி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடியைப் பொருத்தித் தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். கேட்காமலே ஒருவருடைய நெஞ்சுப்பட்டை தவறாகக் கோக்கப்பட்டிருப்பதைக் கண்டால் உடனே சொல்லிவிட வேண்டும்; அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் நன்றி சொல்வாரே தவிர வருந்தமாட்டார். வயதிலோ அனுபவத்திலோ பெரியவரின் தவறைச் சுட்டிக்காட்டக்கூடாது என்று வளர்ந்த நம்மவர்களுக்கு இது தொடக்கத்தில் கூச்சமாகவே இருக்கும். அந்தக் கூச்சத்தை விமானத்தில் ஏறுவதற்கு முன் இறக்கி வைத்துவிட வேண்டும்.

விமானம் மேலேறி, கதவு திறக்கும் நேரம் நெருங்கும்போது, உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தட்டி, முட்டியை முட்டி விடைகொடுத்துக்கொள்வார்கள். பெயர் தெரியாதவர்களோடும் அதைச் செய்யுங்கள்.

காற்றுக்காகக் காத்திருக்கும் நாள்கள்

தனியாகக் குதிக்கும் மாணவர்கள் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டினால் குதிக்கக்கூடாது என்பது யு.எஸ்.பி.ஏ. விதி. அதனால் மூத்தவர்கள் மேலே போய்வந்துகொண்டிருக்க, மாணவர்கள் மட்டும் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நாள்கள் நிறைய வரும். பெரிஸ், ஈலாய் போன்ற பாலைநிலத் தளங்களில் கோடைப் பிற்பகலில் புழுதிச் சுழல்கள் எழும்போது மூத்தவர்களும் இறங்கிவந்து உங்களருகே உட்கார்ந்துவிடுவார்கள்.

வீணான நாள் என்று எண்ணி வீட்டுக்குப் போய்விடுபவர்கள் இந்த வாழ்க்கையின் பாதியை இழக்கிறார்கள். விமானி, தச்சர், செவிலியர், கணினிப் பொறியாளர், ஓய்வுபெற்ற படைவீரர் என்று பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் இடம் அது. எந்த வேலை, எவ்வளவு சம்பளம் என்ற கேள்விகள் அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. அவர்களுடைய கதைகளைக் கேளுங்கள். பழுதான முதன்மைப் பாராசூட்டை வெட்டிவிட்டு, அதாவது கழற்றிவிட்டு, ரிசர்வைத் திறந்த அனுபவம் உள்ளவரிடம், எந்த உயரத்தில் அந்த முடிவை எடுத்தார் என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. மாணவரைக் கண்டால் அறிவுரை சொல்லத் துடிப்பவர்கள் எல்லாத் தளங்களிலும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் நேற்றைய மாணவர்களே. அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பயிற்றுநரிடம் சொல்லி அவர் சரி என்ற பிறகே அதைச் செய்யுங்கள்.

உரிமம் பெற்ற பிறகு வரும் வெறுமை

பலர் இந்த விளையாட்டை விட்டு விலகுவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாணவராக இருந்தவரை உங்களுக்கென்று பயிற்றுநர் இருந்தார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற அட்டை இருந்தது. உரிமம் கிடைத்த அடுத்த வாரம் தளத்துக்கு வந்தால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நால்வர் அணியாகப் பயிற்சி செய்பவர்கள் தங்கள் திட்டத்தில் மூழ்கியிருப்பார்கள். தலைகீழாகப் பறப்பவர்களோடு சேர உங்களுக்கு இன்னும் திறன் போதாது. தனியாகச் சில முறை குதிப்பீர்கள்; அது சலிக்கும்; பிறகு வருகை குறையும்.

இதைத் தவிர்க்க முதல் வழி, லோட் ஆர்கனைசரைத் தேடிப் போவது. வெவ்வேறு திறனுடையவர்களைச் சேர்த்து ஒரு குதிப்பைத் திட்டமிடுவதே அவருடைய வேலை. பெரிய தளங்களில் பெரும்பாலும் இதற்குக் கட்டணம் இருப்பதில்லை. காலையிலேயே அவரிடம் போய், உங்கள் குதிப்பு எண்ணிக்கையையும் கடைசியாக எப்போது குதித்தீர்கள் என்பதையும் உள்ளபடியே சொல்லுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் ஆசை சிலருக்கு வருவதுண்டு. மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்குள் அதைவிட வேகமாக வந்து மோதும் ஒருவர் மற்றவரின் உயிருக்கே ஊறு செய்யக்கூடும் என்பதால், இந்தச் சமூகத்தில் மன்னிக்கப்படாத பொய் அது ஒன்றுதான்.

இரண்டாவது வழி, மூத்தவர் ஒருவரோடு இருவராகக் குதிப்பது. கோச் சான்று பெற்றவர்களில் பலர், தாங்கள் புதியவராக இருந்தபோது யாரோ தங்களுக்காக நேரம் ஒதுக்கியதை நினைத்து, இலவசமாகவே வருவார்கள். அவருடைய இருக்கைக் கட்டணத்தை நீங்கள் கொடுக்க முன்வருவது நல்ல மரபு. அவர் மறுத்தாலும் முன்வருவதே முறை. மூன்றாவது வழி, காற்றுக்குழாய்க் கூடங்களில் பயிற்சி எடுப்பது. கீழிருந்து மேலாகக் காற்று வீசும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் பத்து நிமிடம் பயின்றால், அது பத்துக் குதிப்புகளின் விழும் நேரத்துக்குச் சமம். நான்காவதாக, உங்களோடு அதே மாதத்தில் உரிமம் பெற்றவர்களைக் கண்டுபிடியுங்கள். இருவராகவும் பின்னர் மூவராகவும் எளிய திட்டங்களோடு சேர்ந்து குதித்து, சேர்ந்து தவறிழைத்து, சேர்ந்தே காணொளியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் இந்த நட்பே நெடுங்காலம் நிலைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

குதிப்பு திட்டப்படி நடக்கவில்லை என்றால், கூட்டத்தை நீங்கள் கலைத்துவிட்டீர்கள் என்றால், தரையிறங்கியதும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். காரணம் தேட வேண்டாம். அப்படிச் சொல்பவரை அடுத்த குதிப்புக்கும் அழைப்பார்கள்.

மறுப்பதும் மறுக்கப்படுவதும்

நண்பர்கள் சேரத் தொடங்கியதும் அழைப்புகளும் வரத் தொடங்கும். பன்னிருவர் சேரும் குதிப்பு, சூரியன் மறையும் நேரத்துக் குதிப்பு, சிறிய கேமராவைத் தலைக்கவசத்தில் மாட்டிக்கொள்ளும் யோசனை, இன்னும் சிறிய, வேகமான பாராசூட் என்று ஒவ்வொன்றும் அன்போடுதான் வரும். கேமரா மாட்டிக் குதிப்பதற்கு 200 குதிப்புகளாவது முடிந்திருக்க வேண்டும் என்று யு.எஸ்.பி.ஏ. பரிந்துரைக்கிறது, சிறகு போல் விரியும் விங்சூட் உடையை அணிவதற்கும் 200 குதிப்புகள் தேவை. ஏ உரிமம் உள்ளவர் தம் எடையையும் கருவிகளின் எடையையும் கூட்டி, ஒரு சதுர அடித் துணிக்கு ஒரு பவுண்டுக்கு மிகாமல் பாராசூட்டின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதே சங்கத்தின் பரிந்துரை. ஒழுங்காக விரிந்த, எந்தக் குறையும் இல்லாத பாராசூட்டின் கீழே, தரைக்கு அருகில் எடுத்த தவறான திருப்பத்தால் இறந்தவர்கள் இந்த விளையாட்டில் நிறையப் பேர்.

1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். 2023ஆம் ஆண்டில் 36 லட்சத்துக்கும் கூடுதலான குதிப்புகளில் 10 பேர் இறந்தார்கள். 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்னும் தானியங்கித் திறப்புக் கருவியும், பழுதான முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிட பில் பூத் வடிவமைத்த மூன்று வளைய விடுவிப்பு முறையும், மேம்பட்ட பயிற்சியும் இதற்கு முக்கியக் காரணங்கள். அவற்றோடு, “இன்று நீ குதிக்காதே” என்று சொல்லும் துணிவுள்ள மனிதர்களையும் நான் சேர்த்துக்கொள்வேன். ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பு, பயிற்சி ஆலோசகர் என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். உங்கள் தரையிறக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் உங்களை அழைத்துப் பேசினால் அதைத் தண்டனையாகக் கொள்ளாதீர்கள். நம்மைத் தடுத்து நிறுத்தும் உரிமையை நாம் எவரிடம் மனமாரக் கொடுத்திருக்கிறோமோ அவரே குதிப்புத் தளத்தில் உண்மையான நண்பர். அப்படி இருவரையாவது தேடிக்கொள்ளுங்கள், அவர்களிடம் அதை வாய்விட்டும் சொல்லிவையுங்கள்.

அதைப் போலவே, விமானத்தில் ஏறிய பிறகும், கதவு திறந்த பிறகும்கூட, மனம் ஒப்பவில்லை என்றால் விமானத்திலேயே இறங்கிவிடலாம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இப்படி இறங்கியவரைக் கேலி செய்யும் நண்பர் குழு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் அதிலிருந்து விலகிவிடுங்கள்.

பியர், பை, தீமூட்டம்

கடைசி விமானம் தரையிறங்கிய பிறகு தளத்தின் முகம் மாறுகிறது. நெருப்பு மூட்டி வட்டமாக உட்கார்வார்கள். அன்றைய காணொளிகள் திரையில் ஓடும். கூடாரங்களிலும் பழைய வண்டி வீடுகளிலும் தங்குபவர்கள் சமைக்கத் தொடங்குவார்கள். எதையாவது முதல் முறையாகச் செய்தவர் எல்லோருக்கும் ஒரு பெட்டி பியர் வாங்கித் தர வேண்டும் என்பது பழைய மரபு. முதல் தனிக் குதிப்பு, முதல் உரிமம், முதல் ரிசர்வ் திறப்பு, புதிதாக வாங்கிய ரிக் என்று எல்லாமே கணக்கில் வரும். முதன்முதலாகச் செய்ததாக வாய்தவறிச் சொல்லிவிட்டால் கூட்டமே “பியர்!” என்று குரல் கொடுக்கும். நூறாவது குதிப்பை முடித்தவரின் முகத்தில் கிரீம் நிறைந்த ‘பை’ என்னும் இனிப்புப் பண்டம் ஒன்றை அப்புவதும் வழக்கம். விருப்பம் இல்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடலாம், மதிப்பார்கள்.

மது அருந்தாதவர்கள் இதனால் தயங்க வேண்டாம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கடனை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சமைத்த ஒரு பெரிய பாத்திரம் பிரியாணியோ எலுமிச்சைச் சாதமோ கொண்டுபோனால் அந்தக் கடன் வட்டியோடு தீர்ந்துவிடும். போதையின் பாதிப்போடு குதிக்கக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி என்பதால், இரவில் நெடுநேரம் குடித்தவர் காலை விமானத்தில் ஏறக் கண்டால் ஆலோசகரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

பெண்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் தனி வட்டங்கள் உண்டு. தளங்களில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிட மிகக் குறைவு என்பதால், அனுபவமுள்ள பெண்கள் புதிய பெண்களுக்குத் துணை நிற்கும் ‘சிஸ்டர்ஸ் இன் ஸ்கைடைவிங்’ என்னும் திட்டத்தை யு.எஸ்.பி.ஏ. நடத்துகிறது. 2009இல் பெரிஸில் 181 பெண்கள் வானில் கைகோத்து ஒரே வடிவம் அமைத்து உலகச் சாதனை படைத்ததோடு, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதியும் திரட்டினார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கென 1966இல் தொடங்கிய பாப்ஸ் என்னும் கழகம் இன்று பல நாடுகளில் இயங்குகிறது. பயிற்றுநர் ஒருவர் மாணவியிடம் வரம்பு மீறினால், அது எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், தள உரிமையாளரிடமோ சங்கத்திடமோ முறையிடுங்கள். உயிரையே ஒப்படைக்கும் உறவில் அத்தகைய அத்துமீறலுக்கு இடமே கிடையாது.

வீட்டிலிருப்பவர்கள்

பெற்றோரிடம் மறைத்துக் குதிப்பவர்கள் நம்மவர்களில் அதிகம். மறைப்பதைவிட, அழைத்துச் சென்று காட்டுவது நல்லது. மடிக்கும் கூடத்தையும், ரிசர்வ் அட்டையில் ரிக்கர் போட்ட கையெழுத்தையும், ஒருவர் முதுகை மற்றவர் சோதிப்பதையும் கண்ணால் பார்த்தவரின் அச்சம் முற்றிலும் போகாவிட்டாலும் உருவம் தெரியாத அச்சமாக இருப்பதில்லை. கார் ஓட்டுவதைவிட இது பாதுகாப்பானது என்ற பொருந்தாத ஒப்பீட்டைச் சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். ஆபத்து உண்டு, அதைக் குறைக்க இன்னின்னது செய்கிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் இத்தகைய விளையாட்டை ஏற்கின்றனவா என்று முன்பே படித்துப் பாருங்கள். தளத்து நண்பர் ஒருவரிடம் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணையும், வீட்டிலிருப்பவர் எந்த மொழியில் பேசுவார் என்பதையும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

வார இறுதிகள் அனைத்தையும் தளம் எடுத்துக்கொள்ளும் நிலை வந்தால், துணைவரோடும் குழந்தைகளோடும் உட்கார்ந்து நாள்களைப் பங்கிடுங்கள். ஒரு குதிப்புக்கு ஏறக்குறைய 30 டாலர் என்பது பார்ப்பதற்குச் சிறிய தொகை. மாதக் கணக்கில் அது வீட்டு வாடகையைத் தொட்டுவிடக்கூடும்.

விபத்து நேர்ந்தால்

போதிய ஆண்டுகள் இந்தச் சமூகத்தில் இருந்தால், தெரிந்தவர் ஒருவர் படுகாயமடைவதையோ இறப்பதையோ பார்க்க நேரிடும். அந்த நாளில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும்வரை எங்கும் எதையும் எழுதாதீர்கள், கண்ணால் காணாததைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். கருவிகளை எவரும் தொடாதபடி விட்டுவிட வேண்டும். விசாரிப்பவர்களுக்கு அவை தேவைப்படும். பிறகு நண்பர்கள் கூடி, குடும்பம் விரும்பினால், இறந்தவரின் சாம்பலை ஒரு குதிப்பின்போது வானில் தூவுவார்கள். ‘ப்ளூ ஸ்கைஸ்’ என்று தினமும் விடைபெறச் சொல்லும் வாழ்த்தையே அன்றும் சொல்வார்கள்.

சங்கத்தின் ‘பாராசூட்டிஸ்ட்’ இதழில் வெளியாகும் விபத்து ஆய்வுகளைத் தவறாமல் படியுங்கள், நண்பர்களோடு பேசுங்கள். இறந்தவரைக் குறைசொல்வதாக எண்ணிச் சிலர் இத்தகைய பேச்சைத் தவிர்ப்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. திரும்பவும் எப்போது குதிப்பது என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. சிலர் மறுநாளே போவார்கள், சிலர் ஒருபோதும் போகமாட்டார்கள், இரு தரப்பினரும் தீமூட்டத்தின் அருகே உட்காரலாம்.

வேறு தளங்களுக்குச் செல்லும்போது

பல தளங்களைச் சேர்ந்தவர்கள் சில நாள்கள் கூடிக் குதிக்கும் விழாக்களுக்குப் பூகி என்று பெயர். உரிமம் பெற்ற முதல் ஆண்டிலேயே ஒன்றுக்காவது போய்வாருங்கள். தனியாகப் போகாமல் உங்கள் தளத்து நண்பர்களோடு போங்கள். உரிம அட்டை, உங்கள் குதிப்புகளைக் குறித்துவைத்த பதிவேடு, ரிசர்வ் மடிப்பு நாளைக் காட்டும் அட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தத் தளமும் உங்களை விமானத்தில் ஏற்றாது. தரையிறங்கும் திசை, தடைகள், எந்தக் குழு எந்த வரிசையில் வெளியேறுவது என்பவற்றை விளக்கும் வகுப்பில், உங்களுக்குத் தெரிந்ததுதான் என்று எண்ணாமல் முழுவதும் உட்காருங்கள். முதல் குதிப்பைத் தனியாகவோ இருவராகவோ வைத்துக்கொண்டு நிலத்தைப் பழகிய பிறகு பெரிய குழுக்களில் சேருங்கள்.

ஏ உரிமம் பெற்றவர் 60 நாள்களுக்கு மேல் குதிக்காமல் இருந்தால், மீண்டும் பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில் தொடங்குவது முறை. குளிர்காலம் கடுமையான மாநிலங்களில் எல்லோருக்குமே இந்த இடைவெளி விழும். அதற்காகவே 1997இலிருந்து ஒவ்வொரு மார்ச் மாதத்தையும் ஒட்டிப் பாதுகாப்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பயிற்சிப் பட்டைகளில் தொங்கியபடி, கண்ணை மூடிக்கொண்டு, வெட்டிவிடும் கைப்பிடியையும் ரிசர்வ் கைப்பிடியையும் வரிசை மாறாமல் இழுத்துப் பழகும் நாள் அது. அன்று விமானம் பறக்காவிட்டாலும் போங்கள். ரிசர்வை மீண்டும் மடிக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தால் ரிக்கையும் எடுத்துச் சென்று ரிக்கரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.